சீரியல் பஃபர்: சிப் வேறு பக்கம் பார்க்கும்போது வரும் பைட்டுகள் எங்கே போகின்றன?

கடைசி ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் தன் ப்ராஜெக்டை என் மேசைக்கு எடுத்துவந்தார். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டு ஒன்று, நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல் ஒன்று, டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் ஒன்று. குளிர்சாதன வண்டி இப்போது எங்கே இருக்கிறது, உள்ளே எத்தனை டிகிரி என்று பதிவு செய்யும் சின்னப் பெட்டி அது. வெப்பநிலை ஒழுங்காக வந்தது. இடம் மட்டும் எப்போதாவது ஒருமுறைதான் கிடைத்தது. கிடைத்ததிலும் சில தப்பு.

"மாட்யூல் டூப்ளிகேட் போல இருக்குண்ணா. வேற வாங்கிடட்டுமா?"

"இருப்பா. முதல்ல அது என்ன அனுப்புதுன்னு பார்த்துடலாம்."

வருகிற ஒவ்வொரு எழுத்தையும் அப்படியே கணினிக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி, திரையில் ஓடிய வரிகளில் ஒன்றை நிறுத்திப் பார்த்தோம். ஆங்கில எழுத்துகளைத் தமிழில் மாற்றி எழுதினால் இப்படி இருந்தது:

$ஜிபிஆர்எம்சி,092751.00,ஏ,1304.97124,என்,08016.22,61,142,31

முதல் பாதி சரி. நேரம் இருக்கிறது, அட்சரேகை 13 டிகிரி 4.97 நிமிடம் என்று இருக்கிறது, அதாவது சென்னை. அடுத்து தீர்க்கரேகை: 80 டிகிரி 16.22 நிமிடம். அதுவும் சென்னைதான். ஆனால் அதன் பிறகு வர வேண்டியது கிழக்கு என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்து. அது இல்லை. அதற்குப் பதிலாக 61, 142, 31 என்று எண்கள். இவை செயற்கைக்கோள் வானத்தில் எவ்வளவு உயரத்தில், எந்தத் திசையில் இருக்கிறது, அதன் சிக்னல் எவ்வளவு பலம் என்று சொல்லும் எண்கள். முற்றிலும் வேறொரு வரியில் இருக்க வேண்டியவை.

என்ன நடந்திருக்கிறது என்றால், தீர்க்கரேகை '08016.2' என்ற இடத்தில் அறுந்திருக்கிறது. 12 என்ற செயற்கைக்கோள் எண்ணின் கடைசி 2 வந்து அதோடு ஒட்டிக்கொண்டது. '16.2'-ஓடு '2' சேர்ந்து '16.22' ஆகிவிட்டது. பார்த்தால் அசல் எண் போலவே இருக்கிறது. எனக்குப் பயமாக இருப்பது இதுதான். குப்பையாக வந்தால் கண்டுபிடித்துவிடலாம். நம்பும்படியான தப்பு வந்தால் அது நேராக வரைபடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகம், தப்பாக இருந்தால் எழுத்துகளே சிதைந்து வரும், விசித்திரமான குறிகள் தெரியும். வயர் சரியில்லை என்றாலும் ஏறக்குறைய அப்படித்தான். இங்கே ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக இருக்கிறது, நடுவில் ஒரு துண்டு மட்டும் காணோம். எழுத்து நன்றாக இருந்து துண்டு காணாமல் போனால், முதல் சந்தேகம் பஃபர் மேல், அதாவது வந்த பைட்டுகள் படிக்கப்படும்வரை காத்திருக்கும் இடத்தின் மேல், வர வேண்டும்.

இப்படித் துண்டுகள் ஒட்டிய இடத்தைத் தையல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை எழுத்துகளை எண்ணச் சொன்னேன். 63. அடுத்ததை எண்ணினார், 63. இன்னொன்று 64. மாட்யூல் மேல் குற்றமில்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. ஏன் 63 என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஒரே வயரில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதுதான் சீரியல். அதில் ஒரு பைட் என்பது 8 பிட். ஆனால் அதற்கு முன்னால் 'இதோ வருகிறேன்' என்று சொல்ல ஒரு ஸ்டார்ட் பிட், கடைசியில் ஒரு ஸ்டாப் பிட். ஆக ஒரு பைட்டுக்கு 10 பிட் நேரம். 9600 பாட் என்றால் நொடிக்கு 960 பைட், அதாவது ஒரு பைட்டுக்கு 1.04 மில்லி நொடி. 115200 பாட் என்றால் நொடிக்கு 11,520 பைட், ஒரு பைட்டுக்குச் சுமார் 87 மைக்ரோ நொடி.

இப்போது சிப்பின் பக்கம் வாருங்கள். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 9600 பாட்டில் ஒரு பைட் வந்து அடுத்தது வருவதற்குள் அதற்கு 16,000-க்கும் மேற்பட்ட கிளாக் துடிப்புகள் கிடைக்கின்றன. 115200-இல் கூட ஏறக்குறைய 1,389. ஒரு பைட்டை எடுத்து ஓரமாக வைக்க இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. சிப் மெதுவானது, அதனால்தான் தவறவிடுகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையில்லை. பைட் வந்த நேரத்தில் அது வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ஓட்டு வீட்டில் ஒழுகும் இடத்துக்குக் கீழே பாத்திரம் வைத்தவர்களுக்கு இந்த விஷயம் உடனே புரியும். சொட்டு உங்களுக்காகக் காத்திருக்காது. நீங்கள் அடுப்படியில் இருந்தாலும், தூங்கினாலும் அது விழுந்துகொண்டேதான் இருக்கும். பாத்திரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம் நீங்கள் அந்தப் பக்கம் வராமல் இருக்கலாம். சின்னக் கிண்ணம் என்றால் அடிக்கடி வந்து கொட்ட வேண்டும், அண்டா என்றால் ஒரு தூக்கம் போடலாம். எப்படியும் வந்து கொட்டியாக வேண்டும்.

பஃபரும் அப்படித்தான். அதை எத்தனை பைட் என்று அளக்காதீர்கள், எத்தனை மில்லி நொடி என்று அளந்து பழகுங்கள். 64 பைட் பஃபர் என்று சொல்வதைவிட, 9600 பாட்டில் சுமார் 65 மில்லி நொடி அவகாசம் என்று சொல்லிப் பாருங்கள். உடனே அடுத்த கேள்வி தானாக வரும்: என் புரோகிராம் அதிகபட்சம் எவ்வளவு நேரம் திரும்பிப் பார்க்காமல் இருக்கிறது? மொத்தச் சிக்கலும் அந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது.

உள்ளங்கையும் பாத்திரமும்

வந்த பைட் முதலில் போய்ச் சேருவது சிப்பின் வன்பொருளுக்குள். உள்ளே வரும் பிட்டுகளை ஒவ்வொன்றாகக் கோக்கும் ஷிப்ட் ரெஜிஸ்டர் ஒன்று, அதற்குப் பின்னால் முழுதாக வந்த பைட்டுகள் நிற்க 2 இடம். ஏடிமெகா328பி-யில் அவ்வளவுதான். அந்த 2 இடமும் நிரம்பி, மூன்றாவது பைட் ஷிப்ட் ரெஜிஸ்டரிலேயே நிற்க, நான்காவதின் ஸ்டார்ட் பிட் வந்துவிட்டால் டேட்டா ஓவர்ரன் என்ற கொடி ஏறும். ஏதோ ஒரு பைட் போய்விட்டது என்று அர்த்தம். எது, எத்தனை என்று அது சொல்லாது.

இது உள்ளங்கையில் நீரை ஏந்துவது மாதிரி. ஒரு நொடி தாங்கும், உடனே பாத்திரத்தில் விட வேண்டும். அந்தப் பாத்திரம்தான் ரேமில் நாம் ஒதுக்கும் ரிசீவ் பஃபர். உள்ளங்கையிலிருந்து பாத்திரத்துக்கு ஊற்றும் வேலையைச் செய்வது இன்டரப்ட். பைட் முழுதாக வந்ததும் வன்பொருள் சிப்பைத் தட்டுகிறது. சிப் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, சில மைக்ரோ நொடியில் பைட்டை எடுத்து ரேமில் போட்டுவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்புகிறது. உங்கள் லூப்புக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் உங்கள் புரோகிராமுக்கு, இது நடந்ததே தெரியாது.

ஆர்டுயினோவில் 'சீரியல் பிகின்' என்று ஒரு வரி எழுதினாலே இதெல்லாம் உங்களுக்காக நடந்துவிடுகிறது. ஊனோவில் ரிசீவ் பஃபர் 64 பைட். நம் கண்ணுக்கே படாமல் நடப்பதால்தான் அது நிரம்பும்போதும் நமக்குத் தெரிவதில்லை. எந்தப் பிழைச் செய்தியும் வராது. புதிதாக வரும் பைட்டை அது சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

64 இடம் இருந்தால் 63 ஏன்?

ரேமில் அந்த 64 இடங்களையும் ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி இடத்துக்கு அடுத்தது மறுபடி முதல் இடம். இதை ரிங் பஃபர் என்பார்கள். இரண்டே எண்களை நினைவில் வைத்திருந்தால் போதும். அடுத்த பைட்டை எங்கே எழுத வேண்டும் என்பது ஒன்று. அடுத்து எங்கிருந்து படிக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதை 'எழுதுமிடம்' என்றும் இரண்டாவதை 'படிக்குமிடம்' என்றும் வைத்துக்கொள்வோம்.

64-ஐக் கையால் போட்டுப் பார்க்க முடியாது, 8 இடங்கள் எடுத்துக்கொள்வோம். 0 முதல் 7 வரை எண்கள். தொடக்கத்தில் இரண்டும் 0.

5 பைட் வருகிறது. 0, 1, 2, 3, 4 நிரம்பின. எழுதுமிடம் = 5, படிக்குமிடம் = 0.

உங்கள் லூப் வந்து 3 பைட் படிக்கிறது. படிக்குமிடம் = 3. படித்த பைட்டுகளை யாரும் அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள், எண் மட்டும்தான் நகர்ந்தது.

இன்னும் 4 வருகிறது. 5, 6, 7-இல் எழுதி, சுற்றி வந்து 0-இல் எழுதுகிறது. எழுதுமிடம் = 1. உள்ளே இப்போது 6 பைட்.

இன்னொன்று வருகிறது. 1-இல் எழுதினால் எழுதுமிடம் = 2. உள்ளே 7 பைட். காலியாக இருப்பது 2-ஆம் இடம் மட்டும்.

இப்போது இன்னும் ஒன்று வந்தால்? 2-இல் எழுதலாம், இடம் இருக்கிறது. ஆனால் எழுதினால் எழுதுமிடம் 3 ஆகும். படிக்குமிடமும் 3. இரண்டும் சமம். இரண்டும் சமம் என்றால் 'ஒன்றுமில்லை, காலி' என்றுதானே தொடக்கத்தில் வைத்திருந்தோம்? எட்டு பைட்டும் இருக்கும்போது பஃபர் தன்னைக் காலி என்று சொல்லும். இந்தக் குழப்பம் வராமலிருக்க ஓர் இடத்தை எப்போதும் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். அதனால் 8-இல் 7, 64-இல் 63. அந்த மாணவர் எண்ணிய 63 இதுதான். எப்போதாவது வந்த 64 என்பது, அவருடைய லூப் படித்துக்கொண்டிருக்கும்போதே வந்து சேர்ந்த ஒற்றைப் பைட்.

எழுதும் பக்கத்தின் வேலையை வார்த்தையில் சொன்னால் மூன்றே வரி (% என்பது வகுத்தால் வரும் மீதி):

அடுத்தது = (எழுதுமிடம் + 1) % 64
அடுத்தது, படிக்குமிடத்துக்குச் சமமாக இல்லாவிட்டால்: பைட்டை எழுதுமிடத்தில் வை, எழுதுமிடம் = அடுத்தது
சமமாக இருந்தால்: பைட்டை விட்டுவிடு

எண்ணிக்கை வேண்டுமென்றால் (64 + எழுதுமிடம் − படிக்குமிடம்) % 64. மேலே சொன்ன உதாரணத்தில் (8 + 2 − 3) % 8 = 7, சரியாக வருகிறதல்லவா. அளவை 16, 32, 64, 128 என்று இரண்டின் அடுக்காக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சிப்பில் வகுத்தலுக்கென்று தனிக் கட்டளை கிடையாது. இரண்டின் அடுக்காக இருந்தால், குறியில்லாத எண்களில் மீதி காண்பதை ஒரே ஒரு 'அண்ட்' செயலாகக் கம்பைலர் மாற்றிவிடும். 60 என்று வைத்தாலும் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு பைட்டுக்கும் இன்டரப்டுக்குள் ஒரு வகுத்தல் ஓடும்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. எழுதுமிடத்தை மாற்றுவது இன்டரப்ட் மட்டும், படிக்குமிடத்தை மாற்றுவது லூப் மட்டும். ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கலாம், தொடக் கூடாது. இந்த ஒழுங்கு இருப்பதால்தான் பூட்டு, சாவி எதுவும் இல்லாமல் இரண்டு பேர் ஒரே பாத்திரத்தைப் பயன்படுத்த முடிகிறது. நீங்களே சொந்தமாக எழுதும்போது, பஃபர் நிரம்பினால் பழைய பைட்டைத் தள்ளிவிட்டுப் புதியதை வைக்கலாமே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் அதற்கு இன்டரப்ட் படிக்குமிடத்தைத் தொட வேண்டிவரும், அழகான ஒழுங்கு அங்கே உடைந்துவிடும். பழகும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அப்புறம், இன்டரப்டும் லூப்பும் சேர்ந்து பார்க்கும் மாறிகளுக்கு 'வாலடைல்' என்று அறிவிக்க மறக்கக் கூடாது. மறந்தால், லூப்புக்குள் இந்த எண் மாறவே இல்லையே என்று கம்பைலர் நினைத்து, ஒருமுறை படித்த மதிப்பையே ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு சுற்றும். பைட் வந்து குவிந்தாலும் லூப்புக்குத் தெரியாது. இன்னொன்று, இது 8 பிட் சிப். 8 பிட் எண்ணை ஒரே மூச்சில் படிக்கும், 16 பிட் எண்ணை இரண்டு மூச்சில். எழுதுமிடம் 255-இலிருந்து 256 ஆகிற நேரத்தில், லூப் கீழ்ப்பாதியைப் பழைய மதிப்பிலும் மேல்பாதியைப் புதிய மதிப்பிலும் படித்துவிட்டால் கிடைப்பது 511. எப்போதோ ஒருமுறைதான் நடக்கும், அதனாலேயே கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும். பஃபர் 256-க்குள் இருந்தால் 8 பிட் எண் போதும், இந்தத் தொல்லையே இல்லை. அதற்கு மேல் போனால், படிக்கும் அந்தக் கணம் மட்டும் இன்டரப்டை நிறுத்திவைத்துப் படிக்க வேண்டும்.

சரி, பெரிய பஃபர் வைத்தால் போதாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். மாணவரும் கேட்டார். அவருடைய புரோகிராமை வைத்தே கணக்குப் போட்டோம்.

நியோ-6எம் மாட்யூல் தொழிற்சாலை அமைப்பில் 9600 பாட்டில், நொடிக்கு ஒருமுறை தகவல் அனுப்பும். ஒரே வரி இல்லை, இடம், நேரம், வேகம், செயற்கைக்கோள் பட்டியல் என்று பல வரிகளை ஒரே மூச்சில் கொட்டும். எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறது என்பதைப் பொறுத்து நீளம் மாறும். எங்கள் மேசையில் 450 பைட் அளவுக்கு வந்தது. அதாவது ஏறத்தாழ அரை நொடி கொட்டும், மீதி அரை நொடி அமைதி.

இந்தப் பக்கம், டிஎஸ்18பி20 சென்சார் 12 பிட் துல்லியத்தில் வெப்பநிலையை அளக்க 750 மில்லி நொடி வரை எடுக்கும். அதன் லைப்ரரி (சென்சாரைப் படிக்க ஏற்கெனவே எழுதிவைத்த புரோகிராம்), நாம் எதுவும் சொல்லாவிட்டால், அளந்து முடியும்வரை அங்கேயே நின்றுவிடும். முக்கால் நொடி லூப் நகராது. பஃபர் தருகிற அவகாசமோ 65 மில்லி நொடி. ஜிபிஎஸ் கொட்டத் தொடங்கி 65 மில்லி நொடியில் பாத்திரம் நிறைந்து, மீதியெல்லாம் தரையில்.

பஃபரை 512 ஆக்கினால் 450 பைட் கொள்ளும், உண்மைதான். ஆனால் ஊனோவின் மொத்த ரேம் 2,048 பைட். நான்கில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். நாளைக்கு மெமரி கார்டில் எழுத வேண்டும் என்று சேர்த்தால், அதன் லைப்ரரிக்கு ஒரு பிளாக்குக்கு மட்டும் 512 பைட் தனியாக வேண்டும். சென்சார் இன்னும் இரண்டு சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நின்றால் இரண்டே கால் நொடி. அப்போது 512-உம் போதாது. ஒழுகலைப் பார்க்காமல் அண்டா மாற்றிக்கொண்டே போகிற கதைதான்.

அதனால் பஃபரைத் தொடவே இல்லை. 'அளந்து முடியும்வரை நிற்காதே' என்று சொல்ல அந்த லைப்ரரியிலேயே ஓர் அமைப்பு இருக்கிறது. அளக்கத் தொடங்கச் சொல்லிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்வது. லூப் வழக்கம்போலச் சுற்றிச் சுற்றி சீரியலைப் படித்துக்கொண்டே இருக்கும். 750 மில்லி நொடி கடந்துவிட்டதா என்று ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரத்தைப் பார்த்து, கடந்திருந்தால் மட்டும் மதிப்பை வாங்கிக்கொள்வது. நாலைந்து வரி மாற்றம். வரிகள் முழுதாக வரத் தொடங்கிவிட்டன.

'டிலே' கட்டளைக்கும் இதே கதிதான். ஒரு நொடி டிலே போட்டால், 9600 பாட்டில் 960 பைட் வரக்கூடிய நேரம் சும்மா நிற்கிறீர்கள் என்று அர்த்தம். எல்.இ.டி. மினுக்கக் கற்றுக்கொடுக்கும்போது முதல் நாளே டிலேயைக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம், பிறகு சீரியல் வரும்போது அதை மறக்கச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. சொல்லித்தருபவர்கள் இரண்டாவது நாளே கடிகாரத்தைப் பார்த்து மினுக்கும் முறையையும் காட்டிவிடலாம் என்பது என் ஆசை.

பிழை தேடுவதற்காக நாம் போடும் பிரிண்ட் வரிகளும் இந்தக் கணக்கில் சேரும். அனுப்பும் பக்கத்திலும் ஒரு பஃபர் இருக்கிறது, அதுவும் 64 தான். அது நிரம்பிவிட்டால், இடம் கிடைக்கும்வரை பிரிண்ட் கட்டளை அங்கேயே நிற்கும். 200 எழுத்துச் செய்தியை 9600 பாட்டில் அச்சிட்டால் 140 மில்லி நொடிக்கும் மேல் லூப் நின்றுவிடும். என்ன கெட்டுப்போகிறது என்று பார்க்கப் போட்ட பிரிண்டே அதைக் கெடுத்துக்கொண்டிருக்கும். சுருக்கமாக அச்சிடுங்கள், ஒற்றை எழுத்துகூடப் போதும்.

பெரிய பஃபருக்குப் பயனே இல்லாத ஓர் இடமும் உண்டு. வண்ண எல்.இ.டி. பட்டை, டபிள்யூஎஸ்2812 வகை, பலரும் பயன்படுத்துவது. ஒரு விளக்குக்கு 24 பிட், பிட்டுக்கு 1.25 மைக்ரோ நொடி, ஆக விளக்குக்கு 30 மைக்ரோ நொடி. நேரம் துளி பிசகினாலும் நிறம் மாறிவிடும் என்பதால், ஊனோவில் அதற்கு அனுப்பும்போது இன்டரப்டையே நிறுத்திவைக்கிறார்கள். 60 விளக்கு என்றால் 1.8 மில்லி நொடி. அந்த நேரம் முழுக்க உள்ளங்கையிலிருந்து பாத்திரத்துக்கு ஊற்ற ஆளில்லை. 9600 பாட்டில் அதற்குள் 2 பைட்கூட வராது, வன்பொருள் தாங்கிவிடும். 115200-இல் 20 பைட் வந்துவிடும், இரண்டு மூன்று தவிர மற்றதெல்லாம் போச்சு. ரேமில் 64 இடம் வைத்தாலும் ஆயிரம் வைத்தாலும் ஒன்றுதான். வேகமான பாட் ரேட்தான் நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இங்கே வேகத்தைக் குறைப்பதுதான் மருந்து.

படிக்கும்போது செய்கிற தப்புகள்

பஃபரில் பைட் இருக்கிறது என்றால் ஒரு வரி முழுதாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 'சீரியல் அவைலபிள்' சொல்வது பைட் கணக்கு மட்டுமே. 5 என்று சொன்னால் ஒரு வரியின் முதல் 5 எழுத்தாக இருக்கலாம், ஒரு வரியின் கடைசி 2-உம் அடுத்ததின் முதல் 3-உம் ஆகவும் இருக்கலாம். எங்கே வரி முடிகிறது என்பது பஃபருக்குத் தெரியாது, அது நம் வேலை.

அதற்காக 'ரீட் ஸ்ட்ரிங்' என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள். அது எப்போது திரும்பும் தெரியுமா? ஒரு நொடி எதுவும் வராமல் இருந்தால் மட்டும். ஜிபிஎஸ்-ஓ அரை நொடிக்கு மேல் வாயை மூடுவதே இல்லை. ஆக அந்தக் கட்டளை திரும்பியே வராது. ரேம் தீரும்வரை எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும், தீர்ந்த பிறகும் அங்கேயே நிற்கும். போர்டு செத்துவிட்டது என்று நினைத்து மாற்றியவர்கள் உண்டு.

சரியான வழி, வரிக்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்குவது. ஜிபிஎஸ் பேசும் என்எம்இஏ மொழியில் ஒரு வரி, தொடக்கத்து டாலர் குறியும் கடைசி இரண்டு முடிவுக் குறிகளும் சேர்த்து அதிகபட்சம் 82 எழுத்து. கடைசியில் ஒரு பூஜ்யம் வைக்க ஒன்று சேர்த்தால் 83 பைட். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும், பஃபரில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுங்கள். டாலர் குறி வந்தால், இதுவரை சேர்த்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். வரி முடிவுக் குறி வந்தால் வரி தயார். மற்ற எழுத்து என்றால் சேருங்கள். இடம் தீர்ந்துவிட்டால் சேர்க்காமல், அடுத்த டாலர் குறி வரும்வரை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். கடைசியில் சொன்ன இந்தச் சோதனையை விட்டுவிட்டால், துண்டுகள் ஒட்டி நீண்ட வரி ஒன்று வந்து 83-ஐத் தாண்டிப் பக்கத்து மாறிகளின் மேல் எழுதும். வெப்பநிலை திடீரென்று ஆயிரக்கணக்கில் காட்டும், ஏன் என்று தலை சுற்றும்.

வரி தயாரானாலும் உடனே நம்பிவிடக் கூடாது. டாலர் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கும் நடுவில் உள்ள எல்லா எழுத்துகளையும் ஒன்றோடொன்று எக்ஸார் செய்து (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0), கிடைப்பதை நட்சத்திரத்துக்குப் பின்னால் உள்ள இரண்டு இலக்க எண்ணோடு ஒப்பிட வேண்டும். பத்து வரி புரோகிராம்தான். '16.22' என்று வேஷம் போட்டு வந்த வரியைப் பிடிக்கக்கூடியது இந்தச் சோதனை. மாணவரின் புரோகிராமில் அது இல்லை. இருந்திருந்தால் தப்பான இடம் பதிவாகியிருக்காது, இடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கும்.

இன்னொரு விஷயம், பழைய பாடங்களில் 'சீரியல் ஃப்ளஷ்' போட்டால் வந்து கிடப்பதெல்லாம் அழியும் என்று இருக்கும். 2011-இல் வந்த ஆர்டுயினோ 1.0-இலிருந்து அது அனுப்புவது முடியும்வரை காத்திருக்கும் கட்டளையாக மாறிவிட்டது. ரிசீவ் பஃபரை அது தொடாது. அழிக்க வேண்டுமென்றால் காலியாகும்வரை படித்து விடுவதுதான் வழி.

கொஞ்சம் பெரிய சிப்புகளில்

இது ஊனோவுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் 8250 என்ற சீரியல் சிப் ஒரே ஒரு பைட்டைத்தான் வைத்திருக்கும். வேகமான மோடம்கள் வந்தபோது பைட் தவறத் தொடங்கி, 16 பைட் வரிசையில் நிறுத்தும் 16550ஏ வந்தது. இஎஸ்பி32-இல் இந்த உள்ளங்கையே 128 பைட். எஸ்டிஎம்32 வகைகளில் டிஎம்ஏ என்ற தனி வேலையாள் உண்டு, சிப்பைத் தட்டாமலேயே பைட்டுகளை வட்டமாக ரேமில் அடுக்கிவிடும், வயர் அமைதியானதும் ஓர் இன்டரப்ட் தரும்படி அமைத்துக்கொள்ளலாம். எதிர்முனை ஒத்துழைத்தால், கொஞ்சம் நிறுத்து என்று சொல்ல ஆர்டிஎஸ், சிடிஎஸ் வயர்களும் இருக்கின்றன. ஜிபிஎஸ் மாட்யூல் அதையெல்லாம் கேட்காது, நான்கு வயரோடு அது தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

எந்தச் சிப் ஆனாலும் நான் தவறாமல் சேர்க்கும் ஒன்று உண்டு. பஃபரில் இதுவரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பைட் இருந்தது என்று குறித்துவைக்கும் ஒரு மாறி. லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் படிப்பதற்கு முன் 'அவைலபிள்' மதிப்பைப் பார்த்து, பழைய அதிகபட்சத்தைவிடக் கூடுதலாக இருந்தால் மாற்றிவிட வேண்டும். ஆற்றங்கரைச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன கோடு போல அது நிற்கும். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். 20 என்று இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 50-ஐத் தாண்டினால் லூப்பில் எது இழுக்கிறது என்று தேட வேண்டும். 63 என்று இருந்தால் பைட் போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதற்கு மேல் காட்ட அந்த எண்ணுக்கு வழியில்லை.

மாணவரின் பெட்டியில் அந்த மாறியைச் சேர்த்து, எல்.சி.டி.யின் இரண்டாவது வரியின் ஓரத்தில் இரண்டு இலக்கத்துக்கு இடம் ஒதுக்கினோம். மாற்றுவதற்கு முன்னால் ஓடவிட்டபோது போர்டை இயக்கிய இரண்டாவது நொடியிலேயே 63 வந்து நின்றது. மாற்றிய பிறகு 9. எல்.சி.டி.யில் எழுதுகிற நேரத்தில் சேர்ந்தவை அவை. மாலை வரை ஓடியும் 9 ஆகவே இருந்தது.